முதல் படகு ஆறு மணிக்கு உடையும்

பிற்பகல் 1:25.

"என்ன காணோம்?" என்று கேட்டார் ஸ்டேஷன் ரைட்டர்.

"படகு."

"எந்தக் கரையில கட்டியிருந்தீங்க?"

"கேம்ல."

ரைட்டர் பேனாவை மூடி வைத்தார். கணவனைக் காணோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கிடைத்தால் சொல்ல வேண்டாம் என்று போன பெண்மணிகளை எல்லாம் அவர் பார்த்திருக்கிறார். விளையாட்டுப் படகைக் காணோம் என்று வந்தது இதுதான் முதல் தடவை.

"தெரியாத்தனமா அழிச்சிருப்பீங்கம்மா. ஃபோனை அணைச்சுப் போட்டுப் பாருங்க."

"ஆறு மணிக்கு உடைச்சிடுவாங்க சார். அதுக்குள்ள யாராவது பாருங்க" என்றாள் அவள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

உள்ளறையில் இருந்த சைபர் பிரிவு இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. வங்கி மோசடி, லாட்டரி மோசடி, கல்யாண மோசடி என்று தினமும் அழுகையும் கூச்சலும் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது மரத்துப் போயிருந்தது. அழாமல் புகார் சொல்லும் குரல் அபூர்வம். "உள்ள வாங்க" என்றார்.

வந்தவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை. விரல் இடுக்குகளில் லென்ஸ் தேய்க்கும் மெஷினின் சாம்பல் நிறப் பொடி அப்பியிருந்தது. சீருடைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க. எனக்குக் கேம் பத்தி ஒண்ணும் தெரியாது. சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

சொன்னாள். கேமின் பெயர் உப்புக்கரை. ஒரு துறைமுகம். படகு வாங்கலாம், மீன் பிடிக்கலாம், புயலில் மாட்டலாம். மற்ற கேம்களைப் போல இல்லாமல், இங்கே வாங்கும் படகு நிஜமாகவே வாங்கியவருக்குச் சொந்தம். யார் படகு யாருக்கு என்ற கணக்கு பிளாக்செயினில் இருக்கிறது. கேமை உருவாக்கிய கம்பெனியே நினைத்தாலும் பிடுங்க முடியாது. அப்படித்தான் விளம்பரம். படகுகளை எல்லாம் வரைந்தவன் அவளுடைய அண்ணன். முதலில் வரைந்த படகைத் தன் பெயரில் வைத்துக்கொண்டான். மூன்று மாதத்துக்கு முன்னால் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. படகின் சாவியைத் தங்கைக்குக் கொடுக்கும்படி முன்பே எழுதி வைத்திருந்தான்.

"இன்னைக்குப் பன்னிரண்டு அம்பதுக்குத் திறந்து பார்த்தேன். ஒன்றாம் துறை காலி. மதியம் பன்னிரண்டு இருபதுக்கு வேற யாரோ பேருக்கு மாறியிருக்கு. அந்த ஆள் அதை உடைப்புக் கூடத்துல விட்டிருக்கார்."

"உடைப்புக் கூடம்னா?"

"வேண்டாத படகை அங்க விட்டா தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பிரிச்சுப் பலகையாக்கிடும். அப்புறம் யாராலயும் திரும்பச் சேர்க்க முடியாது."

"நல்ல விலை போகுமா அது?"

"போன மாசம் ஒரு வீட்டு விலை சொன்னாங்க. நான் ஃபோனை வெச்சுட்டேன்."

"அவ்வளவு விலைக்கும் குடுக்காத அளவுக்கு அதுல என்ன இருக்கு?"

அவள் கோட்டுப் பையிலிருந்து ஃபோனை எடுத்து மேசையில் வைத்தாள்.

"ஒவ்வொரு படகுலயும் ஒரு பதிவேடு இருக்கும் மேடம். சொந்தக்காரர் மட்டும்தான் திறக்க முடியும். யாரும் எழுத மாட்டாங்க. அண்ணன் எழுதியிருக்கான். ஒவ்வொரு தடவை கடலுக்குப் போயிட்டு வந்ததும் ஒரு வரி. மொத்தம் நானூத்திப் பன்னிரண்டு. நான் ஒரு நாளைக்கு ஒண்ணுதான் படிப்பேன். இதுவரைக்கும் தொண்ணூத்தி மூணு படிச்சிருக்கேன்."

"எல்லாத்தையும் ஒரேயடியா படிச்சு எழுதி வெச்சிருக்கலாமே."

"படிச்சு முடிச்சிட்டா அப்புறம் அவன்கிட்டேர்ந்து புதுசா என்ன வரும் மேடம்?"

உடைந்தால் பதிவேடும் போய்விடுமா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். போய்விடும் என்றாள். ரைட்டர் பேனாவைத் திரும்பத் திறந்திருந்தார்.

"ஏம்மா, அழாம எப்படி இவ்வளவு தெளிவா சொல்றீங்க?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"வரல மேடம். மூணு மாசமா எதுவுமே வரல. பசி மட்டும் நேரத்துக்கு வருது."

"பன்னிரண்டு இருபதுக்கு என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"கடையிலதான் இருந்தேன். சாப்பாட்டு நேரம். அண்ணி ஆபீஸ்லேர்ந்து, அதான் இந்தக் கேம் கம்பெனிலேர்ந்து, ஒத்திகை வந்திருந்தது. புது மாற்றம் வெளியிடறதுக்கு முன்னாடி சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்களுக்கு ஒரு ஒத்திகைத் துறைமுகத்தை அனுப்புவாங்க, ஆடிப் பார்க்கச் சொல்லி. வழக்கமா வர்றதுதான். அதை ஓரமா வெச்சுட்டு, அதுல கடல் நீர் ஏறுற வரைக்கும் சாப்பாட்டு டப்பாவைக் காலி பண்ணிக் கழுவி வெச்சேன். ஒரு கஸ்டமருக்கு ரெண்டு லென்ஸும் மாட்டிக் குடுத்தேன். அப்புறம் ஒத்திகையை முடிச்சேன். அங்க நடக்கிறது எதுவும் கணக்குல ஏறாது மேடம்."

"ஃபோன்?"

"கைய விட்டுப் போகல."

பிற்பகல் 2:30.

கம்பெனி மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்டில் 'பழுது' என்று எழுதிய அட்டை. அந்த அட்டையே பழுத்து மஞ்சளாகியிருந்தது. உள்ளே பதினோரு நாற்காலிகள், மூன்று பேர். மற்றவர்கள் இந்த மூன்று மாதத்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

முதல் ஆள், கணக்கேட்டைப் பார்த்துக்கொள்ளும் புரோகிராமர். பிளாக்செயின் பிளாக்செயின் என்று ஓயாமல் சொல்வதால் அவனுக்குச் சங்கிலி என்றே பெயர் விழுந்துவிட்டது. அவன் அம்மாகூட அப்படித்தான் கூப்பிடுகிறார் என்று கேள்வி.

"திருட்டே கிடையாது மேடம்" என்று ஆரம்பித்தான். "ஒரே கணக்கேடு. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்ல நகல் இருக்கு. ஒருத்தர் திருத்தினா மத்த நகல் எல்லாம் காட்டிக் குடுத்துடும். படகு கைமாறணும்னா சொந்தக்காரர் ஃபோன்லேர்ந்து சம்மதம் வரணும். வந்திருக்கு. அவங்களேதான் குடுத்திருக்காங்க."

"அவங்க இல்லேங்கிறாங்க."

"கணக்கேடு பொய் சொல்லாது மேடம்."

"சம்மதம்னா என்ன? கையெழுத்தா?"

சங்கிலி சிரித்தான். "முதல்ல அப்படித்தான் இருந்துச்சு. மீன் வித்தா ஒரு சம்மதம், வலை வாங்கினா ஒரு சம்மதம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பெட்டி வந்து நின்னு நம்பர் கேக்கும். ஆடறவங்க மண்டை காஞ்சு போயிட்டாங்க. ஆட வந்தோமா, பத்திரப் பதிவு ஆபீஸ்ல வரிசையில நிக்க வந்தோமான்னு திட்டித் தீர்த்துட்டாங்க. அப்புறம் அக்காதான் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க."

அக்கா என்றது இறந்தவனின் மனைவியை. கேமின் விதிகளை வகுப்பவள். கண்ணாடிக் கடைக்காரிக்கு அண்ணி.

அவள் கண்டுபிடித்த வழி இது. வாங்குகிறவர் தன் படகை ஓட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தி, கயிற்றை வீச வேண்டும். கயிறு கொக்கியில் மாட்ட வேண்டும். நீர் ஏறி இரண்டு படகும் மிதக்கும்போது, கொடுக்கிறவர் தன் படகின் மணியை மூன்று தரம் அடிக்க வேண்டும். அவ்வளவுதான், சொத்து கைமாறிவிடும். பெட்டியும் இல்லை, நம்பரும் இல்லை. சம்மதமே விளையாட்டாகிவிட்டது. ஆடுகிறவர்கள் மணி அடிப்பதற்காகவே படகு விற்றார்கள்.

"இன்னைக்கு நடந்ததுக்குப் பதிவு இருக்கா?"

சங்கிலி திரையைத் திருப்பினான். அதில் மூன்று வரிகள் இருந்தன. 12:19, கயிறு வீச்சு ஒன்று, மாட்டியது. 12:20, மணி மூன்று. 12:24, உடைப்புக் கூடத்தில் சேர்ப்பு. வாங்கிய கணக்கு நேற்று திறந்தது. பெயர் கிடையாது, முகவரி கிடையாது.

"நீங்களே நிறுத்த முடியாதா?"

"சத்தியமா முடியாது. இப்ப யார் பேர்ல இருக்கோ அவங்க மணியடிச்சாத்தான் கூடத்துலேர்ந்து வெளிய வரும், அதுக்கு நீர் ஏறக்கூட வேண்டாம். யாராலயும் பிடுங்க முடியாதுன்னு சொல்லித்தானே மேடம் வித்தோம்?"

"சரி, எப்படிக் கயிறு வீசறதுன்னு காட்டுங்க."

அவன் ஒத்திகைத் துறைமுகத்தைத் திறந்தான். திரையின் உச்சியில் 'ஒத்திகை' என்று ஒரு சிவப்புப் பட்டை. இன்ஸ்பெக்டர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டுவதற்குள், சேற்றில் கிடந்த படகு மிதக்க ஆரம்பித்துவிட்டது.

"என்னப்பா இவ்வளவு வேகம்?"

"இங்க ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை நீர் ஏறி இறங்கும். நிஜத் துறைமுகத்துல ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஒத்திகையையும் அப்படி வெச்சா, ஒரு மணியடிச்சுப் பார்க்க அரை நாள் உக்காந்திருக்கணும். கிழிஞ்சுது போங்க."

கயிற்றை வீசினான். தண்ணீரில் விழுந்தது. இரண்டாவது முறை தண்ணீரில் விழுந்தது. மூன்றாவது முறை கரையில் நின்ற ஒரு மீனவனின் தலையில் விழுந்தது.

"நான் கணக்கேட்டு ஆள் மேடம். ஆடறது எனக்கு வராது" என்றான், காது சிவக்க.

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "காத்து இடது பக்கத்துலேர்ந்து அடிக்குது. படகு மேல போறதுக்கு முன்னாடியே வீசணும்."

அண்ணி கையில் காபிக் கோப்பையோடு நின்றிருந்தாள். கோப்பை காலி. அது காலி என்பது அவளுக்குத் தெரிந்த மாதிரி இல்லை.

இன்ஸ்பெக்டர் அவளைத் தனியாகக் கூட்டிப் போய் உட்கார வைத்தார்.

"உங்க நாத்தனார் மேல கோபம் இருக்கா?"

"கோபம்னு இல்ல. ரெண்டு தடவை கெஞ்சினேன், படகைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லி. ஒன்றாம் துறையிலதான் பந்தயம் ஆரம்பிக்கணும். படகு வாசல்ல நிக்குது. சொந்தக்காரர் அசைக்காம அதை அசைக்க முடியாது. மூணு மாசமா பந்தயம் இல்ல. ஆடறவங்க பாதிப் பேர் போயிட்டாங்க."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. ஃபோன்ல மூச்சு மட்டும் கேட்டுச்சு."

"அப்போ உங்களுக்குக் காரணம் இருக்கு."

"எனக்குத்தான் ஜாஸ்தி. எழுதிக்குங்க."

"பன்னிரண்டு இருபதுக்கு எங்க இருந்தீங்க?"

"என் சீட்ல."

"யாராவது பார்த்தாங்களா?"

"இந்த ஆபீஸ்ல யாரும் யாரையும் பார்க்க மாட்டாங்க மேடம். அவங்கவங்க திரையத்தான் பார்ப்போம்."

மூன்றாமவரைத் தரகர் என்று கூப்பிட்டார்கள். படகுகளுக்கு விலை வைப்பதும், வாங்க ஆள் பிடிப்பதும் அவர் பொறுப்பு. இரண்டு ஃபோனில் மாறி மாறிப் பேசிக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

"முதல் படகை விலைக்குக் கேட்டது நீங்கதானே?"

"ஆமா. ஒரு தடவை இல்ல, எட்டு தடவை. குரங்குப் பிடியா பிடிச்சுக்கிட்டாங்க. எங்கிட்ட வாங்க ஆள் ரெடியா இருக்கார் மேடம். அது உடைஞ்சா எனக்கு நஷ்டம், அவருக்கு நஷ்டம். ஆறு பலகையை வெச்சுக்கிட்டு நாக்கு வழிக்கிறதா?"

"நீங்க ஆடுவீங்களா?"

"ஆடறதுக்கு எனக்கு நேரம் ஏது? சொந்தமா நானூறு படகு வெச்சிருக்கேன். ஒண்ணுலகூட ஏறினதில்ல."

இதை அவர் பெருமையாகத்தான் சொன்னார்.

பிற்பகல் 3:50.

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் உட்கார்ந்து தன் ஃபோனில் உப்புக்கரையை இறக்கினார். ரைட்டர் பக்கத்தில் இருந்து எட்டிப் பார்த்தார்.

"மேடம், மேலதிகாரி பார்த்தா..."

"விசாரணைன்னு சொல்லுங்க."

கயிறு வீசிப் பழகும் பயிற்சிக் குளம் ஒன்று கேமிலேயே இருந்தது. பதினேழு தடவை வீசினார். பதினேழும் தண்ணீரில் விழுந்தன. ரைட்டர் வாங்கி ஒன்பது தடவை வீசினார். "அடச்சே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு பத்தாவதையும் வீசினார். பிறகு இன்ஸ்பெக்டர் நிஜத் துறைமுகத்துக்குள் போனார். புதியவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த ஓட்டைப் படகு சேற்றில் சாய்ந்து கிடந்தது. அசையவே இல்லை. மூலையில் ஒரு பலகை: இன்று நீர் ஏறும் நேரம் காலை 6:20, பகல் 12:20, மாலை 6:20.

"இப்ப மணி நாலு. ஆறு இருபது வரைக்கும் சேத்துலயே உக்காந்திருக்கணுமா?" என்றார் ரைட்டர். "நல்லா ஆடுறாங்கய்யா கேமு. நான் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுட்டு வரலாம் போலிருக்கே."

இன்ஸ்பெக்டர் நீர் ஏறும் நேரப் பலகையை இன்னொரு முறை படித்தார். பிறகு டிரைவரிடம் கண்ணாடிக் கடைக்குப் போகச் சொன்னார்.

மாலை 4:20.

அவள் கடையில்தான் இருந்தாள். வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்று தெரியாமல் வேலைக்குத் திரும்பியிருந்தாள். ஒரு பெரியவரின் மூக்கில் கண்ணாடிச் சட்டம் வழுக்குகிறதா என்று பார்த்து, திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்க சாப்பாட்டு டப்பா எவ்வளவு பெரிசு?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

பெரியவர் திரும்பிப் பார்த்தார். கொலைக் கேஸ் என்று நினைத்தாரோ என்னவோ.

"மூணு அடுக்கு மேடம்."

"ஒத்திகையை எத்தனை மணிக்குத் திறந்தீங்க?"

"பதினொண்ணு நாப்பது இருக்கும்."

"மணியை அடிச்சது?"

"சாப்பிட்டு, கழுவி, லென்ஸ் மாட்டிக் குடுத்து... நாப்பது நிமிஷம் ஆகியிருக்கும். 'நீர் ஏறும் வரை காத்திருந்து மணி அடிக்கவும்'னு போட்டிருந்தது. காத்திருந்தேன்."

"சிவப்புப் பட்டை இருந்ததா?"

"இருந்தது. 'ஒத்திகை'ன்னு. நல்லா பார்த்தேன்."

இன்ஸ்பெக்டர் சங்கிலிக்கு ஃபோன் போட்டார். "இன்னைக்கு ஒத்திகை அழைப்பு எத்தனை பேருக்குப் போச்சு?"

"வழக்கமா நாப்பது பேருக்குப் போகும்... இருங்க மேடம்." விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. "ஒண்ணுதான் போயிருக்கு. அவங்களுக்கு மட்டும். ஆபீஸோட பொது முகவரியிலேர்ந்து."

"அந்த முகவரிலேர்ந்து யார் யார் அனுப்பலாம்?"

"பாஸ்வேர்டு நாங்க மூணு பேர்கிட்டதான் இருக்கு."

"யாரும் வெளிய போகாதீங்க. இவங்களையும் கூட்டிட்டு வரேன்."

மாலை 5:15.

மூன்று பேரும் மூன்று நாற்காலியில் இருந்தார்கள். கண்ணாடிக் கடைக்காரி வாசலை ஒட்டி நின்றாள். சங்கிலியின் திரையில் உடைப்புக் கூடம் தெரிந்தது. வரிசையில் ஏழு படகுகள். ஏழாவது நீலப் படகு.

"நேரம் இல்ல, சுருக்கமா சொல்றேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "சங்கிலி சொன்ன மாதிரி கணக்கேடு பொய் சொல்லல. மணியை அடிச்சது இவங்கதான். ஆனா ஒத்திகைன்னு நினைச்சு அடிச்சாங்க. ஒத்திகைல நீர் ரெண்டு நிமிஷத்துல ஏறும். இவங்க நாப்பது நிமிஷம் காத்திருந்தாங்க. மூணு அடுக்கு டப்பாவைக் காலி பண்ணி, கழுவி, ஒரு கண்ணாடியையும் மாட்டிக் குடுத்திருக்காங்க. மதியமே எங்கிட்ட இதைச் சொன்னாங்க. எனக்குத்தான் உறைக்கல."

சங்கிலி வாயைப் பிளந்தான். "அப்படின்னா அவங்க இருந்தது..."

"நிஜத் துறைமுகம். அதுக்கு மேல ஒரு சிவப்புப் பட்டையை ஒட்டி அனுப்பியிருக்காங்க. பட்டையை யார் வேணா ஒட்டலாம். நீரை ஏத்த முடியாது. கைமாறணும்னா நிஜமாவே நீர் ஏறணும். அதனாலதான் 'காத்திருக்கவும்'னு எழுதினாங்க."

தரகர் எழுந்தார். "மூணு பேர்ல யாருன்னு எப்படிச் சொல்வீங்க?"

"உக்காருங்க. நீங்க இல்ல. நீங்கன்னா வித்திருப்பீங்க. உடைக்க மாட்டீங்க. உடைச்சா ஆறு பலகைதான் மிச்சம், அதுக்காகக் கயிறு வீசித் தர வெளியாள் கூட்டாளியா வரவும் மாட்டான். சங்கிலி கயிறு வீசி ஒரு மீனவன் தலையை உடைச்சதை நானே பார்த்தேன். நானும் எங்க ரைட்டரும் இருபத்தேழு தடவை வீசிட்டோம், ஒண்ணுகூட மாட்டல. அந்தப் படகுக்கு வந்த கயிறு ஒரே வீச்சுல மாட்டியிருக்கு. நீங்க மூணு பேரும் சேர்ந்துதான் இந்தக் கேமை நடத்துறீங்க. ஆடத் தெரிஞ்சவங்க ஒருத்தர்தான் இருக்காங்க."

யாரும் அண்ணியைப் பார்க்கவில்லை. அண்ணி மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒத்திகை பார்க்கிறவங்க யாரா இருந்தாலும் அஞ்சாவது நிமிஷத்துல ஃபோன் பண்ணி, என்ன இன்னும் நீர் ஏறலன்னு கேட்டிருப்பாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "இவங்க கேக்க மாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியும். இவங்க இப்ப இருக்கிற நிலையில, காத்திருன்னா காத்திருப்பாங்க. அதைக் கணக்குல எடுத்துக்கிட்டீங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆறல."

"தெரியும்" என்றாள் அண்ணி. "எனக்கும் அப்படித்தானே இருக்கு."

மாலை 5:34.

"நகர்த்தியிருந்தா போதுமே. எதுக்கு உடைக்கணும்?"

அண்ணி, வேறு யாரோ செய்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

"நகர்த்தினா வேற துறையில நிக்கும். அதுலயும் இவ வந்து உக்காருவா. தினமும் மதியம் என் திரையில அந்தப் படகுல ஒரு உருவம் வந்து உக்காருது மேடம். ஓட்டாது, மீன் பிடிக்காது, ஒண்ணும் பண்ணாது. கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயிடும். முதல் நாள் அவர்தான்னு நினைச்சுட்டேன். கணக்கு அவர் பேர்லதானே இருந்துச்சு. எந்திரிச்சு நின்னுட்டேன்."

அவள் காலிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"படகும் அவர் பண்ணினதுதான், கேமும் அவர் பண்ணினதுதான். படகு நிக்கிறதால கேம் செத்துக்கிட்டு இருக்கு. ரெண்டையும் காப்பாத்த முடியாதுன்னா நான் எதைப் பிடிச்சுக்கிறது? யாராலயும் பிடுங்க முடியாதுன்னு வித்தோம். விதியைப் போட்டவ நானே வாசல்ல நின்னு கெஞ்ச வேண்டியிருக்கு. அது மட்டும் இல்ல. எனக்குப் பொறாமை. பத்து வருஷம் கூட இருந்தேன். சாவியைத் தங்கச்சிக்குக் குடுத்துட்டுப் போயிட்டார்."

"இப்ப நிறுத்தறீங்களா? இருபது நிமிஷம் இருக்கு."

"உடையட்டும் மேடம். அப்புறம் என்ன கேஸ் வேணா போடுங்க."

இன்ஸ்பெக்டருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த கோபம். ஆனால் கையைப் பிடித்து மணி அடிக்க வைக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. வாசலைப் பார்த்தார்.

கண்ணாடிக் கடைக்காரி உள்ளே வந்தாள். "அண்ணி, நான் அங்க சும்மா உக்காந்திருக்கல. பதிவேடு படிக்கிறேன்."

"எந்தப் பதிவேடு?"

"படகுப் பதிவேடு. அண்ணன் எழுதி வெச்சிருக்கான்."

"அவர் எழுத மாட்டார். அதைக் கேம்ல வைக்கச் சொன்னதே நான்தான். யாரும் தொடாத விஷயம்னு கேலி பண்ணுவார்."

"நானூத்திப் பன்னிரண்டு வரி இருக்கு. இன்னும் முந்நூத்திப் பத்தொன்பது நான் படிக்கல."

அண்ணியின் முகம் மாறவில்லை. கைதான் மேசை இழுப்பறைக்குப் போனது. அங்கே, நேற்று புதுக் கணக்கு திறந்த இரண்டாவது ஃபோன் இருந்தது. அதைத் திறக்க மூன்று முறை எண்ணைத் தவறாக அடித்தாள். சங்கிலி நகத்தைக் கடித்தான். தரகரின் இரண்டு ஃபோனும் ஒரே நேரத்தில் அடித்தன, அவர் எடுக்கவில்லை.

5:52. மணி ஒரு முறை. இரண்டு. மூன்று.

நீலப் படகு வரிசையிலிருந்து விலகி வெளியே வந்து நின்றது. ஆறு மணிக்கு மற்ற ஆறு படகுகளும் சத்தமில்லாமல் பலகைகளாகப் பிரிந்தன. எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மாலை 6:05.

திருப்பிக் கொடுக்க 6:20க்கு நீர் ஏற வேண்டும். அதுவரை படகு அண்ணியின் பெயரில்தான் இருக்கும். பதிவேட்டையும் அவள்தான் திறக்க முடியும். இது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

அண்ணி ஃபோனைத் திருப்பி மேசையில் கவிழ்த்து வைத்தாள். "நான் பார்க்கல. நீ வந்து பக்கத்துல உக்காரு. நான் தொடலைன்னு உனக்குத் தெரியணும்."

தங்கை உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஃபோனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னைக்குள்ளதை இன்னும் படிக்கல" என்றாள் தங்கை. "தொண்ணூத்தி நாலு. நீங்களே படிங்க. ஒண்ணு மட்டும்."

அண்ணி திறந்தாள். தேடினாள். உரக்கப் படித்தாள்.

"காத்து இல்லை. கடைவாய்ப் பல் வலி. பாதியில் திரும்பினேன்."

அவ்வளவுதான் இருந்தது. சங்கிலி இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

"அந்தப் பல் வலி எனக்குத் தெரியும்" என்றாள் அண்ணி. "நான்தான் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனேன்."

"அப்புறம்?"

"பிடுங்கணும்னார் டாக்டர். நாற்காலியிலேர்ந்து எந்திரிச்சு ஓடி வந்துட்டார் உங்கண்ணன். கழுத்துல கட்டின துணியோட. தெருவெல்லாம் அந்தத் துணியோடயே நடந்தார். சொன்னா கேக்கல."

தங்கையின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாக ஆரம்பித்து, நடுவில் வேறாக மாறியது. தலையை மேசையில் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். மூன்று மாதத்து அழுகை, கொஞ்சத்தில் நிற்கவில்லை. அண்ணி அவளைத் தொடவில்லை. தொடலாமா என்று தெரியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

6:20. நீர் ஏறியது. சங்கிலி கேமிலிருந்து ஒரு படகை இரவல் எடுத்துத் தங்கையின் ஃபோனில் கொடுத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் வீசிய கயிறு நான்காவது முறைதான் மாட்டியது. அண்ணி மணியை மூன்று முறை அடித்தாள்.

"ஒன்றாம் துறையிலயே கட்டிக்க" என்றாள்.

"வேண்டாம். ஓரமா எங்கயாவது கட்டிக்கிறேன். பந்தயம் நடக்கட்டும்."

ரைட்டர் தொண்டையைச் செருமினார். கையில் மதியம் எழுதிய தாள். "அப்ப புகாரைத் திரும்ப வாங்கிக்கிறீங்களாம்மா? குடும்ப விஷயம்தானே?"

தங்கை அண்ணியைப் பார்த்தாள். அண்ணி அவளைப் பார்த்தாள்.

"இல்ல சார், இருக்கட்டும்" என்றாள் தங்கை. "செஞ்சது தப்புதான்."

அண்ணி தலையாட்டினாள். பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்ப எழுந்தாள். தங்கை இன்னும் நாற்காலியில்தான் இருந்தாள்.

"அண்ணி, நாளைக்குப் பன்னிரண்டரைக்குக் கடைக்கு ஃபோன் பண்ணுங்க. எங்க இருந்தாலும் பண்ணுங்க. நான் படிச்சுக் காட்டுறேன். அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு நீங்க சொல்லணும்."

"ஸ்டேஷன்லேர்ந்து ஃபோன் பண்ண விடுவாங்களா?" என்று அண்ணி கேட்டாள்.

"விடுவோம்" என்றார் இன்ஸ்பெக்டர்.